எட்டடிப் பலகையும் எண்பத்தைந்தடிப் பெட்டியும்

ஆண்டு விழா மலருக்குப் பெற்றோர் தரப்பிலிருந்தும் ஒரு கட்டுரை வேண்டும் என்று மலர்க்குழுவினர் எம்மிடம் கேட்டபோது, மொழியின் தொன்மை குறித்தோ பண்பாட்டின் மேன்மை குறித்தோ எழுதுவதுதான் முறை என முதலில் எண்ணினோம். ஆயின் அவற்றை எம்மினும் நன்கு அறிந்தோர் இம்மலரின் ஏனைய பக்கங்களில் எழுதியிருப்பர். நாம் அனுபவத்தால் அறிந்தது எமது வீட்டு நிலக்கீழ் அறையில் ஓடும் ஒரு சிறிய மாதிரிப் புகையிரதம். அதற்குப் பெட்டி தெரிவு செய்த கதையையே இங்குச் சொல்லப் புகுகின்றோம். மகனின் தமிழ் வகுப்புத் தோழர் பலர் அதனை வந்து பார்த்துச் சென்றிருப்பதால், அவர்களுக்கேனும் இது சுவை தரும் என நம்புகின்றோம்.

மூன்று ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு மாரிகாலத்தில், நூலகத்திலிருந்து எடுத்துவந்த படப் புத்தகமொன்றில் 'கனேடியன்' என்னும் புகையிரதத்தின் படத்தை மகன் கண்டான். அன்று பிடித்த பித்து இன்னும் தெளியவில்லை. ரொறன்ரோவிலிருந்து வன்கூவர் வரை 4,466 கிலோமீற்றர் ஓடும் வண்டி அது. கனேடியன் பசிபிக் நிறுவனம் 1955 ஏப்ரல் 24 ஆம் நாள் அதனைத் தொடங்கிவைத்தது. அதற்கெனப் பிலடெல்பியாவிலிருந்த பட் நிறுவனத்திடம் 173 பெட்டிகள் செய்விக்கப்பட்டன. அத்தனையும் துருப்பிடிக்காத உருக்கினால் ஆனவை. பக்கங்களில் நெளிநெளியாக வரிகள் ஓடும். வண்ணம் பூசவேண்டிய தேவையே இல்லை. சில பெட்டிகளின் கூரைமேல் கண்ணாடிக் கூண்டு உண்டு. அதனுள் அமர்ந்து மலைகளை நாற்புறமும் காணலாம். இறுதியில் வரும் வளைந்த பின்புறமுடைய பெட்டிகளுக்குக் கனடாவின் பூங்காக்களின் பெயர்கள் இடப்பட்டன. ஆதலின் அவற்றைப் 'பார்க்' பெட்டிகள் என்பர். 1978 இல் வியா ரெயில் நிறுவனம் இவ்வண்டியைப் பொறுப்பேற்றது. பாதை மாறியது, பெட்டிகள் மாறவில்லை. ஐம்பதுகளில் செய்த அதே பெட்டிகள் பலமுறை புதுப்பிக்கப்பட்டு இன்றும் ஓடுகின்றன.

இவ்விடத்தில் எம்முடன் வாழும் ஐயாவைப் பற்றிச் சொல்லவேண்டும். ஐயா எம்மிருவருள் ஒருவரின் தந்தையார், மகனுக்கு அப்பப்பா. இலங்கைப் புகையிரதத் திணைக்களத்தில் காட் வேலை பார்த்தவர். 1990 இல் வடபகுதிச் சேவை நின்றுபோகும்வரை, பச்சைக் கொடியும் சிவப்புக் கொடியும் கைவிளக்குமாக வண்டியின் கடைசிப் பெட்டியில் பயணம் செய்தவர். மகன் புத்தகத்தை அவரிடம் கொண்டுசென்று காட்டியபோது, அவர் படத்தைப் பார்த்துவிட்டு நாளைத்தான் முதலில் கேட்டார். கனேடியன் தொடங்கிய நாளுக்கு ஓராண்டு ஆவதற்கு ஒரு நாள் முன்னர், அதாவது 1956 ஏப்ரல் 23 ஆம் நாள், யாழ்தேவி தொடங்கியது என்றார். அத்துடன், 1954 இல் கொழும்புத் திட்டத்தின்கீழ் கனடா நன்கொடையாக அனுப்பிய டீசல் இயந்திரங்கள் அங்கு 'ஒன்ராறியோ', 'அல்பேட்டா' என்று கனேடிய மாகாணங்களின் பெயர்களைத் தாங்கி ஓடின என்பதையும் சொன்னார். தாம் வசிக்கும் மாகாணத்தின் பெயரைத் தம் பாட்டனார் நெடுங்காலத்துக்கு முன்னரே ஓர் இயந்திரத்தின் பக்கத்தில் வாசித்திருக்கிறார் என்பது மகனுக்குப் பெருவியப்பு. அதன்பின் அவ்விருவரும் ஒரு கட்சி. நாம் பணம் செலுத்தும் கட்சி.

இனிப் பலகைக்கு வருவோம். எமது நிலக்கீழ் அறையின் அகலம் ஒன்பதரை அடி. யன்னல் ஓரமாக மூன்றடி அகலத்தில் ஐயாவின் கட்டில். அதன் தலைமாட்டில் சுவாமிப் படம். எதிர்ச் சுவரோடு ஒட்டி நாலடிக்கு எட்டடிப் பிளைவூட் பலகை ஒன்றைக் கால் கொடுத்து நிறுத்தினோம். வட அமெரிக்காவில் மரக்கடையில் விற்கும் முழுப் பலகையின் அளவு அதுதான்; ஆதலால் இங்குள்ள வீடுகளில் மாதிரிப் பாதைகள் பெரும்பாலும் அந்த அளவிலேயே பிறக்கின்றன. கட்டிலுக்கும் பலகைக்கும் நடுவே எஞ்சியது இரண்டரை அடி நடைவெளி. மகன் ஒரு பக்கம் நின்று வண்டியை ஓட்ட, ஐயா கட்டிலில் இருந்தபடியே கைவிளக்கால் பச்சை காட்டுவார். பச்சை காட்டாமல் வண்டி புறப்படுவதில்லை. இது அவர்கள் தமக்குள் வகுத்துக்கொண்ட சட்டம்.

பெட்டிகளை வாங்கியது நாம். எம்மிருவருள் ஒருவர் கணக்கில் பிடிவாதமுடையவர். மற்றவர் செலவில் கவனமுடையவர். இம்முறை கணக்கு வென்றது. வாங்குவதாயின் உண்மையான நீளத்தில், ஒரு யன்னலும் குறையாமல் இருக்கவேண்டும் என்று நூறு டொலருக்கு மேல் விலையுள்ள பெட்டிகள் நான்கினை வாங்கினோம். எந்த நிறுவனத்தின் பெட்டிகள் என்பது இங்கு வேண்டுவதில்லை, குற்றம் பெட்டியினதன்று. 24 அங்குல ஆரையுள்ள வளைவாவது வேண்டும் என்று உறையிலேயே அச்சிட்டிருந்தார்கள். நாம்தான் அதனை வாசித்தும் வாசியாதார்போல் இருந்தோம்.

மாணவர்களுக்காகச் சிறு கணக்கு ஒன்று. எமது மாதிரி 'எச்.ஓ.' எனப்படும் அளவினது. உண்மைப் பொருளை 87 இல் ஒரு பங்காகச் சுருக்குவது. உண்மையில் ஓர் அடியாக இருப்பது மாதிரியில் மூன்றரை மில்லிமீற்றர். கனேடியனின் பெட்டி 85 அடி. 85 ஐ மூன்றரையால் பெருக்கினால் 297 மில்லிமீற்றருக்குச் சற்று மேல், அதாவது பன்னிரண்டு அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. உங்கள் பள்ளி அடிமட்டத்தின் நீளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெட்டியைச் சரியாகச் சுருக்கிவிட்டோம். பாதையைச் சுருக்கினோமா? பெட்டகத்தோடு வந்த தண்டவாளத்தின் வளைவு 18 அங்குல ஆரை. அதனை 87 மடங்காக்கினால் 130 அடிதான் வரும். உண்மைப் புகையிரதப் பொறியியலாளர் 573 அடி ஆரையையே கூர்மையான வளைவு என்பர். அதனைச் சரியாகச் சுருக்கி ஒரு வட்டம் போடவேண்டுமானால் பதின்மூன்று அடிக்கு மேல் அகலமான இடம் வேண்டும். எமது அறையோ ஒன்பதரை அடி. ஆக, வண்டிக்கு ஓர் அளவும் பாதைக்கு வேறோர் அளவுமாக நாம் முதலிலேயே பொய் சொல்லிவிட்டோம். பெட்டியின் நீளத்தில் மட்டும் மெய்யை வற்புறுத்திக்கொண்டிருந்தோம்.

முதல்நாள் 18 அங்குல வளைவில் முன்பெட்டி நுழைந்ததும் இரண்டாம் பெட்டி தடம்புரண்டது. மகன் எடுத்து வைத்தான். மறுபடியும் புரண்டது. கடைக்காரரைக் கேட்டு, வளைவுகளைப் பிடுங்கி 22 அங்குல ஆரையில் மீண்டும் போட்டோம். நாலடிப் பலகையில் அதற்கு மேல் இடமில்லை. வட்டத்தின் குறுக்களவு 44 அங்குலம், பலகை 48. இரு ஓரத்திலும் இரண்டிரண்டு அங்குலம் எஞ்சும். இப்போது வண்டி சில வேளைகளில் ஓடியது. சில வேளைகளில், நிலையத்துக்குப் பிரியும் கிளைப்பாதை வாயிலில் விழுந்தது. "ஏன் அப்பா எங்கட ரெயின் மட்டும் விழுகுது?" என்று மகன் கேட்பான். மெதுவாக ஓட்டச் சொல்வோம். தண்டவாளத்தைத் துடைக்கச் சொல்வோம். அவன் செய்வான். ஒரு சனிக்கிழமை மாலை, தமிழ்ப் பள்ளியால் வந்து உடை மாற்றாமலே ஓட்டியபோது, கடைசியில் வந்த பார்க் பெட்டி ஓரத்தில் புரண்டு சீமெந்துத் தரையில் விழுந்தது. கண்ணாடிக் கூண்டு இரண்டாகப் பிளந்தது. அவன் அழவில்லை. விசையை நிறுத்திவிட்டு மேலே போய்விட்டான். அதன்பின் ஒரு மாதத்துக்கு மேலாக அறையில் வண்டி ஓடவில்லை. ஐயாவின் கைவிளக்கு யன்னல் விளிம்பில் தூசி படிந்து கிடந்தது.

அம்மாதத்தில் நாம் கற்றவை சில உண்டு. நீண்ட பெட்டி வளைவில் செல்லும்போது அதன் நடுப்பகுதி உட்புறமாகவும் இரு முனைகளும் வெளிப்புறமாகவும் தள்ளும். பெட்டிகள் யாவும் ஒரே வளைவில் நிற்குமாயின் எல்லா முனைகளும் ஒரே பக்கம் தள்ளுவதால் கொழுவிகளுக்கு இடர் இல்லை. நேர்ப்பாதை முடிந்து வளைவு தொடங்கும் இடத்தில் ஒரு பெட்டியின் முனை வெளியே தள்ள, அடுத்ததன் முனை பாதை நடுவே நிற்கும்; அங்கேதான் இழுபறி. ஒரு வளைவு முடிந்ததும் எதிர்ப்பக்கமாக இன்னொரு வளைவு வருமாயின் ஒன்று இந்தப் பக்கமும் மற்றது அந்தப் பக்கமுமாக விலகி, இழுபறி ஏறத்தாழ இரட்டிக்கும். எமது கிளைப்பாதை வாயில் அத்தகைய பாம்பு வளைவு என்பதை நாம் அறிந்திருக்கவில்லை. அனுபவசாலிகள் ஒரு மட்டக்கணக்குச் சொல்வர்: வளைவின் ஆரை, மிக நீண்ட பெட்டியின் நீளத்தைப்போல் இரண்டு மடங்காவது இருக்கவேண்டும்; இரண்டரை மடங்கானால் நம்பி ஓட்டலாம்; மூன்று மடங்கானால் பார்வைக்கும் பொருந்தும். எமது 22 அங்குலம் இரண்டு மடங்கைத் தொடவே இல்லை.

இதனை விளக்கும் சோதனை ஒன்றை எவரும் வீட்டில் செய்யலாம். காகித அட்டையைப் பெட்டியின் நீளத்துக்கு ஒடுக்கமாக வெட்டி, சில்லுத் தொகுதிகள் இரண்டும் பொருந்தும் இடங்களில் இரு குண்டூசிகளைக் குத்தி, ஒரு பெரிய தாளில் வரைந்த வளைவின்மேல் ஊசிமுனைகள் கோட்டை விட்டு விலகாமல் நகர்த்திப் பாருங்கள். முனையிலும் நடுவிலும் பென்சிலை வைத்துக்கொண்டால் எவ்வளவு தள்ளுகிறது என்பது தாளிலேயே பதியும். மகனை ஒருவாறு மேலிருந்து அழைத்துவந்து இதனைச் செய்யவைத்தோம். 22 அங்குல வளைவில் 85 அடிப் பெட்டி முனையிலும் நடுவிலும் பத்து மில்லிமீற்றர் வீதம் தள்ளியது. 72 அடிக்கு ஏழு. 60 அடிக்கு ஐந்து. தண்டவாளங்களின் இடைவெளியே 16.5 மில்லிமீற்றர்தான் என்பதை நினைவிற்கொண்டால் இவ்வெண்களின் பொருள் விளங்கும். 85 இலிருந்து 72 ஆக நீளம் நூற்றுக்கு 15 பங்குதான் குறைகிறது. தள்ளுகையோ நூற்றுக்கு 28 பங்கு குறைகிறது. நீளத்தின் வர்க்கத்தோடு சேர்ந்து அது மாறுவதே காரணம். இக்கணக்கை அவன் தானே கண்டுபிடித்தான் என்று எழுத ஆசைதான். அவன் கண்டது பத்து, ஏழு, ஐந்து என்ற மூன்று எண்கள் மட்டும், வர்க்கம் எம்முடையது.

எமக்கு முன் இரண்டு வழிகள் இருந்தன: பலகையைப் பெரிதாக்குதல், அல்லது பெட்டியைச் சிறிதாக்குதல். ஓரளவு சிறிய 'என்' அளவு மாதிரிக்கு மாறிவிடலாம் என்று மூன்றாவது வழியும் சொன்னார்கள்; 160 இல் ஒரு பங்கான அவ்வண்டியின் யன்னல்கள் ஐயாவின் கண்ணுக்குத் தெரியா. ஆகவே அதனை விட்டோம்.

பலகையைப் பெரிதாக்குவதே எம்மிருவருள் கணக்காளரின் விருப்பம். 24 அங்குல வளைவுக்கும் ஓரங்களுக்கும் சேர்த்து ஐந்தடி அகலம் வேண்டும். ஓரடிதானே என்று தோன்றும். ஆனால் அந்த ஓரடி நடைவெளியிலிருந்து போகவேண்டும். இரண்டரை அடி ஒன்றரை அடியானால், இரவில் எழுந்து நடக்கும் முதியவர் ஒருவர் பக்கவாட்டில் ஒதுங்கியே செல்லவேண்டும். அல்லது கட்டில் அங்கிருந்து அகலவேண்டும். அன்றிரவு ஐயா மேலே செய்தி பார்த்துக்கொண்டிருந்த வேளையில் அளவுநாடாவை எடுத்துச்சென்று கட்டிலை அளந்தோம் என்பதை மறைப்பதற்கில்லை. மாடிப்படித் திருப்பத்தில் அது நுழையுமா என்றுகூட அளந்தோம். நிமிர்ந்தபோது அவர் படியில் நின்றார். எவ்வளவு நேரமாக நின்றாரோ அறியோம்.

"என்ர கட்டிலை மேல ஹோலுக்கை போடுங்கோ. எனக்கென்ன, எங்கை படுத்தாலும் நித்திரை வரும்" என்றார். குரலில் குறை ஏதும் இல்லை. அதுவே எம்மை வாய் திறக்கவிடாமற் செய்தது. மறுநாள் காலை உணவின்போது அவரே இதனை மகனிடமும் ஒரு நற்செய்திபோல் சொன்னார். அவன் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "அப்பப்பா மேல போனா ஆர் பச்சை லைற் காட்டுறது?" என்று கேட்டான். பின் எம்மைப் பார்த்து, "எனக்கு நீட்டுப் பெட்டி வேண்டாம்" என்றான். அத்துடன் அளவுநாடா இழுப்பறைக்குள் போயிற்று.

எந்தக் குறுகிய பெட்டி என்பது அடுத்த வினா. இதில் நாம் எதிர்பாராத ஒரு நுட்பம் இருந்தது. உண்மையிலேயே குறுகியதாக இருந்த பெட்டிகளின் மாதிரிகள் ஒருவகை; நீண்ட பெட்டியை நீளத்தில் மட்டும் குறுக்கிச் செய்த மாதிரிகள் வேறுவகை. முதல்வகை எமது கணக்காளருக்குப் பிடித்திருந்தது, அதில் பொய் இல்லை என்பதால். பத்தொன்பதாம் நூற்றாண்டின் மரப்பெட்டிகள் பல ஐம்பது, அறுபது அடிக்குள் அடங்கியவை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் யூனியன் பசிபிக், சதேர்ன் பசிபிக் ஆகிய அமெரிக்கப் பாதைகளில் ஓடிய, ஹரிமன் பெட்டிகள் எனப்படும் உருக்குப் பெட்டிகளிலும் அறுபது அடி நீளமானவை உண்டு. வளைந்த கூரையுடன் மிக அழகானவை. பட் நிறுவனமே செய்த தானியங்கி டீசல் பெட்டிகளுள் ஆர்.டி.சி.-4 என்னும் வகை 73 அடி 10 அங்குலந்தான். கனேடியன் பசிபிக்கிலும் ஓடியது. அதே துருப்பிடிக்காத உருக்கு. இதனைக் கண்டுபிடித்தபோது தங்கம் கண்டவர்போல் மகிழ்ந்தோம். மகன் படத்தைப் பார்த்துவிட்டு, "இதுக்குள்ள ஆக்கள் எங்கை இருக்கிறது?" என்றான். உண்மைதான். அது பொதிகளுக்கும் தபாலுக்குமான பெட்டி. மரப்பெட்டிகளைக் காட்டினோம். "வடிவா இருக்கு, ஆனா இது கனேடியன் இல்லை" என்று முடித்துவிட்டான்.

எஞ்சியது இரண்டாம் வகை. நெளிவரிகளும் கண்ணாடிக் கூண்டும் வளைந்த பின்புறமும் கொண்ட பெட்டிகளை 72 அடி நீளத்தில் அதேர்ன் என்னும் அமெரிக்க நிறுவனம் பல பத்தாண்டுகளுக்கு முன்னரே செய்து விற்றது. எம்மைப் போன்ற சிறிய அறைக்காரருக்காகவே செய்தது எனலாம். உயரமும் அகலமும் 87 இல் ஒரு பங்காகவே இருக்கும்; நீளத்தில் மட்டும் சில யன்னல்கள் குறைந்திருக்கும். ஜேர்மனியில் வாழும் உறவினர் ஒருவரிடம் தொலைபேசியில் இதனைக் கூறியபோது அவர் சிரித்தார். அங்கு 26.4 மீற்றர் நீளமான விரைவுவண்டிப் பெட்டிகளை முழு நீளத்தில் செய்தால் 303 மில்லிமீற்றர் வரவேண்டும். ஆயினும் 282 மில்லிமீற்றரிலும் 264 மில்லிமீற்றரிலும் செய்தவையே நெடுங்காலம் வீடுகளில் ஓடின என்றும், அவற்றைப் பொய் என்று எவரும் சொல்லக் கேட்டதில்லை என்றும் சொன்னார்.

எனினும் எமக்கு மனம் ஒப்பவில்லை. யன்னல் குறைந்த பெட்டியை ஐயா ஏற்பாரா? தம் பணிக்காலத்தில் ஒரு திருகாணி தளர்ந்தாலும் வண்டியை விடாதவர் என்று எமக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. கண்காட்சி ஒன்றில் பழைய 72 அடிப் பெட்டி ஒன்றை இருபது டொலருக்கு வாங்கிவந்து அவர் கையில் கொடுத்தோம். மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டு அதனை மேலும் கீழும் திருப்பினார். பின், "தம்பி, நாங்கள் பெட்டியைத்தான் எண்ணுவம். யன்னல் எண்ணினதில்லை" என்றார். சற்றுப் பொறுத்து, "மேடையில நிக்கிறவனும் முழு ரெயினையும் ஒருக்காப் பாக்கிறேல்லை. தனக்கு முன்னால நிக்கிற பெட்டியைத்தான் பாப்பான்" என்றும் சொன்னார். எண்ணிப் பார்த்தபோது எமது நிலைய மேடைக்கும் அது பொருந்தியது. மேடை 40 அங்குலம். நீண்ட பெட்டிகளாயின் மூன்றுதான் நிற்கும். 72 அடிப் பெட்டி ஏறக்குறையப் பத்து அங்குலம், நான்கு நிற்கும். பொதிப் பெட்டி, இருக்கைப் பெட்டி, கூண்டுப் பெட்டி, பார்க் பெட்டி என்று ஒரு வண்டிக்குரிய இலக்கணம் முழுவதும் மேடைக்குள் அடங்கிவிடுகிறது. மூன்றில் எதை விடுவது என்று முன்னர் நாம் பட்ட பாடு இல்லை.

இன்னும் மூன்று பெட்டிகள் சேர்வதற்கு எட்டு மாதங்கள் ஆயின. பழையவை ஆதலால் அவற்றுக்குச் சில பணிவிடைகள் வேண்டியிருந்தன. பிளாஸ்ரிக் சில்லுகளைக் கழற்றி உலோகச் சில்லுகள் போட்டோம். எடை போதவில்லை; அமெரிக்க மாதிரிப் புகையிரதச் சங்கத்தின் விதிப்படி ஓர் அவுன்சும், நீளத்தின் ஒவ்வோர் அங்குலத்துக்கும் அரை அவுன்சும் சேரவேண்டும். பத்து அங்குலப் பெட்டிக்கு ஆறு அவுன்ஸ், அதாவது 170 கிராம். 2013 இல் கனேடிய அரசு விநியோகத்தை நிறுத்திய ஒரு சத நாணயங்கள் ஒரு போத்தல் நிறைய வீட்டில் இருந்தன. அவற்றைப் பெட்டிகளின் தரையில் ஒட்டினோம். செலவில் கவனமுடையவர் அன்று முழுநாளும் மகிழ்ச்சியாக இருந்தார். பாம்பு வளைவின் நடுவே ஒன்பது அங்குல நேர்த்துண்டு ஒன்றையும் செருகினோம். ஒரு பெட்டியின் நீளத்துக்கு நேர்ப்பாதை இருந்தால் எதிரெதிர் இழுபறி தளர்ந்துவிடும். குறுகிய பெட்டியானதால் குறுகிய துண்டே ஏறக்குறையப் போதுமானதாயிற்று. பலகையின் ஓரத்தைச் சுற்றி இரண்டங்குல உயரத்தில் ஒளிபுகும் பிளாஸ்ரிக் பட்டி அடித்தோம். இதனை முதல்நாளே செய்திருக்கவேண்டும்.

ஒரு தவறு மட்டும் செய்தோம். எஞ்சியிருந்த நீண்ட பெட்டி ஒன்றைக் குறுகியவற்றின் நடுவே கொழுவிப் பார்த்தோம். அந்தக் கணமே மற்றவை எல்லாம் விளையாட்டுப் பொருளாகத் தெரிந்தன. அதனைக் கழற்றியதும் மீண்டும் புகையிரதம் ஆயின. குறுகியவை தமக்குள் இருக்கும்போது கண் அவற்றைக் குறுகியவை என்று கொள்வதில்லை; அருகில் நீண்டது ஒன்று நின்றால்தான் அளக்கத் தொடங்குகிறது. ஆகவே இரண்டையும் கலவாதீர்கள் என்று இத்துறையில் இறங்க எண்ணும் பெற்றோருக்குச் சொல்லிவைக்கின்றோம். இயந்திரத்துக்கு இவ்விதி இல்லை. ஐம்பதுகளின் டீசல் இயந்திரங்கள் பல இயல்பாகவே குறுகியவை. 55 அடிக்கு உட்பட்டவை. முழு அளவிலேயே வாங்கலாம்.

கடந்த மார்கழி விடுமுறையில் வண்டி மீண்டும் ஓடியது. முதற்சுற்றில் மகன் கையை விசையிலிருந்து எடுக்கவே இல்லை; எம்மிருவரில் எவரும் மூச்சு விட்டதாக நினைவில்லை. கிளைப்பாதை வாயிலில் பார்க் பெட்டி சற்றுத் தலையை அசைத்தது; விழவில்லை. இருபது சுற்று ஓடியபின் ஐயா எண்ணுவதை நிறுத்தினார். அந்த ஏழு மில்லிமீற்றர்த் தள்ளுகை இன்னும் இருக்கிறது. வளைவில் வரும்போது உற்று நோக்குவோர் காணலாம். அவ்வளைவின் முன்னே மகன் சில பைன் மரங்களை நட்டு மறைத்திருக்கிறான்.

பழுதின்றி எஞ்சிய நீண்ட பெட்டிகள் மூன்றையும் அதே கண்காட்சியில் பெரிய அறை உடைய ஒருவருக்குக் கொடுத்துவிட்டோம். முதலில் போட்ட பணத்தில் ஏறக்குறைய அரைவாசி திரும்பி வந்தது. கூண்டு பிளந்த பார்க் பெட்டியை வாங்க எவரும் முன்வரவில்லை. அது இப்போது நிலையத்தின் பின்னால், எங்கும் போகாத ஒரு நேர்ப்பாதைத் துண்டில் நிற்கிறது. அதன் பக்கத்தில் மகன் ஒரு சிறு தாளை ஒட்டி, அப்பப்பாவுக்கென்று 'காவளர் அறை' என எழுதியிருக்கிறான். லகரம் வரவேண்டிய இடத்தில் ளகரம் வந்திருப்பதைத் திருத்தச் சொன்னோம். ஐயா கையால் தடுத்துவிட்டார். மகனின் தமிழாசிரியை வந்து பார்க்கும்வரை அது அப்படியே இருக்கும் போலும்.